302க்குப் பிறகு: சட்டக் கல்லூரிகளில் குற்றவியல் பாடம்

2024 ஜூலை 1 அன்று, இந்தியச் சட்டக் கல்லூரிகளில் குற்றவியல் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் பலருக்கு ஒரே நாளில் கையிருப்பு காலியானது. 1862 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியமும் வந்தன. தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகள் 358 ஆயின. நடைமுறைச் சட்டத்தின் 484 பிரிவுகள் 531 ஆயின. கொலைக்கான தண்டனை 302இலிருந்து 103க்குப் போனது. சினிமா வசனங்களில் ஊறிப்போன 420, இப்போது 318ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு. முன்ஜாமீன் என்றால் 438 என்று தூக்கத்திலும் சொல்லும் வக்கீல்கள் 482 என்று சொல்லப் பழக வேண்டியிருந்தது. பழைய சட்டத்தில் 482 என்பதோ உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். ஊரறிந்த 144 தடை உத்தரவு 163 ஆகிவிட்டது. புதிய சட்டத்தில் 144ஐப் புரட்டினால் அங்கே மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கான ஜீவனாம்சம் இருக்கிறது.

கலக்கம் இயல்புதான். ஆனால் அது எல்லோருக்கும் ஒரே அளவில் வரவில்லை. கொலை என்றால் என்ன என்று சொல்லும் பழைய 300ஆம் பிரிவின் நான்கு கூறுகளும் புதிய 101இல் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. தற்காப்பு உரிமை 96 முதல் 106 வரை இருந்தது. 34 முதல் 44 வரை என்று இடம் மாறியதே தவிர, எவ்வளவு தூரம் திருப்பி அடிக்கலாம் என்ற கணக்கு மாறவில்லை. குற்றத்தின் கூறுகளைச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஒரு ஒப்பீட்டு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு மறுநாளே வகுப்பைத் தொடர முடிந்தது. எண்களைச் சொல்லிக்கொடுத்தவர்கள்தான் தவித்தார்கள். நம் கல்லூரிகள் இத்தனை ஆண்டுகளாக எதைக் கற்பித்துவந்தன என்பதற்கு, எதிர்பாராமல் நடந்த ஒரு தேர்வு அது.

எண்கள் மட்டுமே மாறின என்று சொல்லிவிடவும் முடியாது. சமூக சேவை ஒரு தண்டனையாக வந்திருக்கிறது. பறித்துச் செல்லும் குற்றத்துக்குத் தனிப் பிரிவு, கும்பல் கொலைக்குத் தனி உட்பிரிவு, அமைப்புசார் குற்றத்துக்கு 111 என்று புதியவை உண்டு. பழைய சட்டமும் சாகவில்லை. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்கு அதுதான் இன்னும் சட்டம். குற்றம் ஜூனில் நடந்து, புகார் ஆகஸ்டில் வந்தால் என்ன செய்வது? குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம், விசாரணைக்குப் புதிய நடைமுறைச் சட்டம் என்பதே நீதிமன்றங்கள் பெரும்பாலும் எடுத்திருக்கும் நிலை. அரசியலமைப்பின் 20ஆம் கூறு, காப்புப் பிரிவுகள், தண்டனைச் சட்டத்துக்கும் நடைமுறைச் சட்டத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு எல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன. முதல் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைக்காது. ஆனாலும் பல வகுப்புகள் இன்னும் மெக்காலே பிறந்த கதையிலிருந்துதான் தொடங்குகின்றன.

மெக்காலேயைத் தள்ளிவிடவும் கூடாது. 1837இல் அவருடைய ஆணையம் தந்த தண்டனைச் சட்ட வரைவு, சட்டமாக 23 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. சட்டத்தின் உடலுக்குள்ளேயே உதாரணங்களை வைத்ததுதான் அதன் பெரிய சாதனை. குழியின் மேல் குச்சியும் புல்லும் பரப்பி வைக்கும் ஆள், நாய்க்குத் தின்பண்டம் காட்டித் தன் பின்னே வரவைக்கும் ஆள், காலிப் பைக்குள் கைவிடும் பிக்பாக்கெட் ஆகியோர் புதிய சட்டத்திலும் குடியேறிவிட்டார்கள். இந்த உதாரணங்களின் கணக்கில், இந்த நாட்டில் மிக அதிகமாகக் குற்றம் செய்தவர் ‘ஏ’. மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டவர் ‘இசட்’. சட்டம் படித்த யாரும் இந்த இருவரையும் மறப்பதில்லை, பிரிவு எண்ணை மறந்தாலும். கற்பித்தல் முறை என்று தனியாக எதையும் தேட வேண்டியதில்லை என்ற அளவுக்குச் சட்டப் புத்தகமே பாடப் புத்தகமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் முதலில் தாண்டிப் போவது இந்த உதாரணங்களைத்தான். வழிகாட்டி நோட்ஸ்களில் அவை இருப்பதில்லை.

உதாரணங்களுக்கு அடுத்த படி தீர்ப்புகள். 1870இல் ஹார்வர்டு சட்டப் பள்ளிக்கு வந்த கிறிஸ்டோபர் லாங்டெல், தீர்ப்புகளைப் படிக்கச் சொல்லிக் கேள்வி கேட்டுக் கேட்டே பாடம் நடத்தும் முறையைக் கொண்டுவந்தார். தீர்ப்புகளிலிருந்தே சட்டம் பிறக்கும் நாட்டுக்கு அது பொருந்தும். எழுதப்பட்ட தொகுப்புச் சட்டம் இருக்கும் நம் நாட்டுக்கு அதை அப்படியே எடுத்துக்கொண்டால் இடறும். மாணவர் தீர்ப்பை ஒப்பிப்பார், பிரிவின் வாசகத்தைப் படித்திருக்க மாட்டார். பிரிவு, அதன் உதாரணம், பிறகு நடந்த சம்பவம் என்ற வரிசையே நமக்குச் சரி. சம்பவத்தைச் சொல்லிவிட்டுத் தீர்ப்பைச் சொல்லாமல் நிறுத்துவது அதில் முக்கியம்.

அதற்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. உடைந்த கப்பலிலிருந்து தப்பி, படகில் கிடந்த சிறுவனைக் கொன்று தின்ற மாலுமிகளின் 1884ஆம் ஆண்டு வழக்கு எல்லா வகுப்பிலும் வருகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் அல்வா வழக்கு அதே அளவுக்கு வர வேண்டும். 1912இல் தீர்ப்பான அந்த வழக்கில், ஒருவர் இன்னொருவருடைய பெயரில் ஆயுள் காப்பீடு எடுத்துவிட்டு, அவருக்கு விஷம் கலந்த அல்வா கொடுக்கிறார். வாங்கியவர் கொஞ்சம் தின்றுவிட்டு மீதியை எறிந்துவிடுகிறார். அங்கிருந்த ஒரு சிறுமி அதை எடுத்துத் தின்று இறந்துபோகிறாள். குறிவைக்கப்பட்டவர் பிழைத்துக்கொள்கிறார். அந்தச் சிறுமி சாக வேண்டும் என்று அல்வா கொடுத்தவர் நினைக்கவே இல்லை. கொலையா? நீதிபதிகளுக்குள்ளேயே கருத்து வேறுபட்டது. கடைசியில் கொலை என்று தீர்ந்தது. கருதிய ஆள் வேறு, செத்த ஆள் வேறு என்றாலும் குற்றம் மாறாது என்ற விதி பழைய 301இல் இருந்தது, இப்போது 102இல் இருக்கிறது. இந்தச் சம்பவத்தைக் கேட்ட மாணவருக்கு அந்த விதியை மறுபடி சொல்ல வேண்டியிருக்காது.

இன்னொரு ஜோடி வழக்கு இதைவிட நுட்பமானது. 1919இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்த்த பழனிக் கவுண்டன் வழக்கில், கணவன் ஏர்க்கொழுவால் மனைவியின் தலையில் அடிக்கிறான். அவள் மயங்கி விழுகிறாள். செத்துவிட்டாள் என்று நினைத்து, தற்கொலை போலத் தோன்றட்டும் என்று தூக்கில் தொங்கவிடுகிறான். உண்மையில் அவள் உயிர் போனது தூக்கில்தான். அடித்தபோது கொல்லும் எண்ணம் இல்லை. தொங்கவிட்டபோது அவன் மனதில் இருந்தது ஒரு பிணம். கொலை அல்ல என்றது நீதிமன்றம், கொடுங்காயத்துக்குத்தான் தண்டனை. 1943இல் தீர்ப்பான தவமணி வழக்கிலும் இதே சங்கதி: தாக்கிவிட்டு, செத்தாயிற்று என்று நினைத்துக் கிணற்றில் போடுகிறார்கள். அங்கே கொலை என்று தீர்ப்பு வந்தது, ஏனெனில் கொல்லும் எண்ணம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, தீர்ப்பை மறைத்து, ஒரு மணி நேரம் வகுப்பை விவாதிக்கவிட்டால் போதும். குற்ற மனம் என்பது என்ன, அது செயலோடு எந்த நொடியில் சேர வேண்டும் என்று மாணவர்கள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். ரத்தன்லால் தீரஜ்லால் உரையிலோ பி.எஸ்.ஏ. பிள்ளையின் புத்தகத்திலோ இதற்கான பக்கங்கள் உண்டு. அந்த ஒரு மணி நேரத்தை ஆசிரியர்தான் தர வேண்டும்.

தண்டனைச் சட்டம் இப்படிக் கதையும் வாதமும் நிறைந்தது என்பதால், மோசமான ஆசிரியரிடமும் ஓரளவு தப்பிப் பிழைக்கிறது. நடைமுறைச் சட்டத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கைது, காவல், ஜாமீன், குற்றச்சாட்டு வனைதல், சாட்சி விசாரணை, மேல்முறையீடு என்று வரிசையாக வாசித்துப் போனால் அது ரயில்வே கால அட்டவணைதான். பல கல்லூரிகளில் தண்டனைச் சட்டம் முன்னால் வருகிறது. நடைமுறைச் சட்டம் இரண்டு மூன்று பருவங்கள் கழித்து, பட்டம் நெருங்கும் வேளையில் வருகிறது. இந்தப் பிரிப்புதான் நம் குற்றவியல் கல்வியின் பெரிய கோளாறு என்பது என் முடிவு. கொலைக்கும் கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கும் வேறுபாடு தெரிந்த மாணவருக்கு, பக்கத்து வீட்டுப் பையனை இரவு பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால் என்ன செய்வது என்று தெரியாது. வீட்டில் ஒருவர் சட்டம் படிக்கிறார் என்றால் ஊரார் கேட்பது இரண்டாவது கேள்வியைத்தான்.

நாடு முழுவதற்குமான கணக்கும் இதையே சொல்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரப்படி, இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75.8 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேரின் பிரச்சினை தண்டனைச் சட்டத்தில் இல்லை, நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காதவர், 60 நாளிலோ 90 நாளிலோ இறுதி அறிக்கை வராவிட்டால் தனக்கு வெளியே வரும் உரிமை உண்டு என்று அறியாதவர், முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தால் விடுவிக்கப்பட வேண்டும் என்ற புதிய 479ஐக் கேள்விப்படாதவர் எல்லாம் இந்தக் கணக்குக்குள் இருக்கிறார்கள். பாடத்திட்டத்தில் ஜாமீனுக்கு ஒதுக்கும் நேரத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நடைமுறைச் சட்டத்தை நடத்தச் சிறந்த வழி ஒரு கேஸ் கட்டு. ஊர், பெயர் மறைத்த பழைய வழக்குக் கட்டு ஒன்றை வகுப்புக்கு ஒரு பருவம் முழுக்கக் கொடுத்துவிடலாம். முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், மாதிரி வரைபடம், சாட்சிகளிடம் போலீஸ் எழுதிய வாக்குமூலங்கள், ரிமாண்ட் ரிப்போர்ட், காயச் சான்று, பிரேதப் பரிசோதனைச் சான்று, இறுதி அறிக்கை எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் ஒரு பிரிவு நிற்கிறது. அறிக்கை பதிவான நேரம் என்ன, அது மாஜிஸ்திரேட்டின் கைக்குப் போன நேரம் என்ன, இடையில் ஏன் இத்தனை மணி நேரம் என்று கேட்கத் தெரிந்த மாணவர் பாதி வக்கீல் ஆகிவிட்டார். மகஜரில் கையெழுத்துப் போட்ட இரண்டு சாட்சிகளும் ஏன் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று கேட்டால் முக்கால் வக்கீல். தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று இப்போது 105ஆம் பிரிவு சொல்கிறது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று 176 சொல்கிறது. இனி வரும் கட்டுகளில் இவையும் சேரும், அல்லது இல்லாதது ஏன் என்ற கேள்வி சேரும்.

போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்தவருக்குத் தமிழ்நாட்டில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது. அது முதல் தகவல் அறிக்கை அல்ல என்பது பொதுமக்களில் பலருக்குத் தெரியாது. அந்த ரசீதைப் பற்றிப் பாடப் புத்தகங்களும் அதிகம் பேசுவதில்லை. புலன்கொள் குற்றம் பற்றித் தகவல் வந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. புதிய 173இன் மூன்றாம் உட்பிரிவோ, மூன்று முதல் ஏழு ஆண்டுக்குட்பட்ட தண்டனையுள்ள குற்றங்களில் 14 நாள் முதனிலை விசாரணைக்கு வழி விடுகிறது. தீர்ப்பு திறந்த கதவை இந்தப் பிரிவு ஒருக்களித்துச் சாத்துகிறதா? ஆசிரியர் தன் முடிவைச் சொல்லாமல் மாணவர்களை எழுதச் சொல்ல ஏற்ற கேள்வி.

ரிமாண்டைச் சொல்லிக்கொடுக்கச் சாத்தான்குளத்தைத் தவிர்க்க முடியாது. 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தது தொடர்பாகத் தந்தையும் மகனும் பிடிக்கப்பட்டார்கள். மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோகப்பட்டு, ரிமாண்டாகி, கோவில்பட்டிக் கிளைச் சிறைக்குப் போனார்கள். 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, புலனாய்வு சி.பி.ஐ.க்குப் போனது. ஏழாண்டோ அதற்குக் குறைவோ தண்டனையுள்ள குற்றங்களில் கைது தானாக நடக்கும் சடங்கல்ல, ஏன் தேவை என்று போலீஸ் எழுத வேண்டும், மாஜிஸ்திரேட் அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. டி.கே. பாசு வழக்கின் கைது விதிகளுக்கு வயது இருபதைத் தாண்டியிருந்தது. இத்தனை சட்டம் இருந்தும் இரண்டு உயிர்கள் ஏன் போயின என்று கேட்கும் வகுப்பில்தான் நடைமுறைச் சட்டம் காகிதத்தை விட்டு இறங்குகிறது. ரிமாண்ட் என்பது ரப்பர் ஸ்டாம்ப் வேலை அல்ல என்பதை நாளைய மாஜிஸ்திரேட்டுகளும் அந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்போடு சொல்ல வேண்டும்.

பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள் செய்முறைப் பயிற்சியை மறக்கவில்லை. மாதிரி நீதிமன்றம், கட்சிக்காரரைப் பேட்டி காணுதல், ஒரு சிவில் வழக்கையும் ஒரு கிரிமினல் வழக்கையும் நீதிமன்றத்தில் உட்கார்ந்து கவனித்துக் குறிப்பு எழுதுதல் எல்லாம் கட்டாயம். மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் பயிற்சியும் உண்டு. ஆனால் சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதும் பழக்கம் எந்தக் கல்லூரிக்கும் புதிதல்ல. 30 மதிப்பெண்ணுக்கு ஒரு நாள் முழுக்க மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிற்க வேண்டுமா என்பது மாணவரின் கணக்கு.

மாணவர்கள் கோர்ட்டுக்குப் போகாததற்குச் சென்னையில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. 1891இல் தொடங்கிய சட்டக் கல்லூரி உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டியே இருந்தது; சாலையைக்கூடக் கடக்காமல் கோர்ட்டுக்குப் போய்விடலாம். 2018இல் கல்லூரி இரண்டாகப் பிரிந்து புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் போனது. கட்டடங்கள் புதியவை, வசதியானவை. நீதிமன்றம்தான் தூரமாகிவிட்டது. மருத்துவக் கல்லூரியை இப்படி ஆஸ்பத்திரியிலிருந்து பிரித்து வைத்தால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மாதிரி நீதிமன்றப் போட்டிகளைப் பற்றி ஒரு மனத்தாங்கல். அவற்றில் நடப்பது பெரும்பாலும் உச்ச நீதிமன்ற மேல்முறையீட்டு வாதம்: கோட்டு போட்டு, ஆங்கிலத்தில், அரசியலமைப்பின் 21ஆம் கூறு பற்றி. கிரிமினல் வக்கீலின் தொழிலோ குறுக்கு விசாரணையில் இருக்கிறது. போலீசிடம் சொன்னதாக எழுதப்பட்டதற்கும் கூண்டில் சொல்வதற்கும் உள்ள முரணை முறைப்படி எப்படிப் பதிவு செய்வது, பிறழ் சாட்சியை அரசுத் தரப்பு எப்படிக் கேள்வி கேட்கும் என்பதெல்லாம் மாதிரி விசாரணை நடத்தினால்தான் வரும். அதைத் தமிழில் நடத்த வேண்டும். கீழமை நீதிமன்றங்களில் சாட்சி பேசுவது தமிழ், புகார் தமிழ், மகஜர் தமிழ். ஆங்கிலத்தில் மட்டும் பழகிய மாணவர் அங்கே ஊமை. தமிழில் மட்டும் படித்தவர் உயர் நீதிமன்றத்தில் ஊமை. இரண்டும் வேண்டும் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்லுவது எளிது. முழுநேர ஆசிரியர் தொழில் நடத்த முடியாது. கோர்ட்டின் வாசம் அவருக்குப் பழைய நினைவாகிவிடுகிறது. தொழில் நடத்தும் வக்கீல் நாளுக்கு மூன்று மணி நேரம் வரை கற்பிக்கலாம் என்று 1979ஆம் ஆண்டு விதி இருக்கிறது. அவரோ வாய்தாவுக்கு ஓடும் அவசரத்தில் வகுப்புக்கு வருகிறார். இருவரும் சேர்ந்து ஒரே பாடத்தை எடுக்கும் ஏற்பாடு எங்கும் வேரூன்றவில்லை.

குற்றவியல் வகுப்பு சட்டத்தையே மாற்றியதும் உண்டு. காவல் நிலையத்தில் நடந்த பாலியல் வன்கொடுமை தொடர்பான மதுரா வழக்கில் இரண்டு போலீஸ்காரர்களை உச்ச நீதிமன்றம் 1978இல் விடுவித்தபோது, உபேந்திர பக்சி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் 1979இல் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். அடங்கிப்போனதைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்பது அவர்கள் கேள்வியின் சாரம். அந்த மடலிலிருந்து கிளம்பிய இயக்கத்தின் விளைவாக 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழக மாணவர்கள் மரண தண்டனைக் கைதிகளைச் சிறை சிறையாகப் போய்ச் சந்தித்தார்கள். 2016இல் வந்த அறிக்கையில் 373 கைதிகளின் நிலை பதிவானது. பச்சன் சிங் தீர்ப்பின் ‘அரிதினும் அரிது’ என்ற அளவுகோல் யார் மேல் எப்படி விழுகிறது என்று அந்த மாணவர்களுக்கு யாரும் விரிவுரை ஆற்ற வேண்டியிருந்திருக்காது.

மதுரா வழக்கை இன்று நடத்தும் ஆசிரியர், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவருக்கு அது பாடம் மட்டும் அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். பாலியல் குற்றங்களைப் பற்றிய பகுதியை ‘நீங்களே படித்துக்கொள்ளுங்கள்’ என்று தாண்டிவிடும் வழக்கம் கூச்சத்தால் வந்தது. அதனால் நஷ்டம் நீதிமன்றத்தில் நிற்கப்போகும் பெண்ணுக்கு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், போக்சோ, போதைப்பொருள் சட்டம், 1982ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டம் எல்லாம் தினசரி நீதிமன்றத்தில் புழங்குபவை. வகுப்பில் அவை பெரும்பாலும் விருப்பப் பாடமாகவோ கடைசி அலகின் கடைசிப் பத்தியாகவோ ஒதுங்கிவிடுகின்றன. சொந்த ஊரில் சாதி வழக்குகளைப் பார்த்து வளர்ந்த மாணவர், வகுப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் பட்டம் வாங்கிப் போக முடிகிறது.

தேர்வு மாறாமல் இதில் எதுவும் மாறாது. ‘குறிப்பு வரைக’, ‘வேறுபடுத்துக’ என்று கேட்கும்வரை எண்ணும் வரையறையுமே மனப்பாடமாகும். சட்டப் புத்தகத்தைக் கையில் கொடுத்தே தேர்வு எழுத வைக்கலாம். குறிப்பில்லாத வெறும் சட்டப் புத்தகத்தை அகில இந்திய பார் தேர்வே அனுமதிக்கிறது. ஒரு முதல் தகவல் அறிக்கையைக் கொடுத்து, ஜாமீன் மனுவைத் தமிழில் எழுதச் சொல்லலாம். தண்டனைச் சட்டத்தையும் நடைமுறைச் சட்டத்தையும் ஒரே பருவத்தில் சேர்த்து வைக்கலாம். இவை எதற்கும் நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு கூடினால் நடக்கும். புதிய எண்களைப் பழைய நோட்ஸில் திருத்தி எழுதுவதோடு அந்தக் குழுக்கள் நின்றுவிடக் கூடாது.

2024-25இல் மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தவர்கள் 2027இல் பட்டம் பெற்று பார் கவுன்சிலில் பதிவு செய்துகொள்வார்கள். கிரிமினல் பக்கம் போகிறவர்களுக்கு வரும் முதல் கேஸ் பெரும்பாலும் ஒரு ஜாமீன் மனுவாகத்தான் இருக்கும்.